ஸ்மோக்கர் வாங்கி ஏழு மாசம்: கறி பாஸ், தகரம் ஃபெயில்

முதல்லயே சொல்லிடறேன். அட்டைப் பெட்டியைப் பிரிச்சமா, பத்த வெச்சமா, சாப்பிட்டமான்னு இருக்கறவங்க இதை வாங்காதீங்க. கையில ஒரு ஸ்பேனர் செட்டும், வீணாப் போனா பரவாயில்லன்னு ரெண்டு ஞாயித்துக்கிழமையும் இருந்தா வாங்கலாம். நான் வாங்கினது மூணு அடுக்கா நிக்கற கரி ஸ்மோக்கர், அதாவது கறியைப் புகையிலயே மெதுவா வேக வெக்கற அடுப்பு. கீழ கரித் தட்டு, நடுவுல தண்ணிச் சட்டி, அதுக்கு மேல ரெண்டு கம்பி வலை, உச்சியில மூடி. குறுக்களவு 16 அங்குலம். ஆன்லைன்ல 11,500 ரூபாய். கம்பெனி பேரு வேணாம். இதே அச்சுல நாலஞ்சு பேருல விக்கறாங்க, ஒண்ணை ஒண்ணு பாத்தா ஸ்டிக்கர்தான் வித்தியாசம்.

எனக்கு இது எதுக்குன்னு கேப்பீங்க. என் சம்சாரமும் அதைத்தான் கேட்டா, இன்னும் கேட்டுக்கிட்டு இருக்கா.

நான் வளர்ந்தது பெரம்பூர் ரயில்வே குவார்ட்டர்ஸ். அப்பா லோகோ ஒர்க்ஸ்ல ஃபிட்டர். எதிர் பிளாக்ல ஒரு ஆங்கிலோ இண்டியன் ஆன்ட்டி. கிறிஸ்துமஸ் வந்தா அவங்க வீட்டு கேக் கலவை, எங்க தெருப் பசங்க தலையில ஏறி பேக்கரிக்குப் போகும். அந்தக் காலத்துல வீட்டுல ஏது 'அவன்' அடுப்பு? பேக்கரியில ரொட்டி சுட்டு முடிச்சதும் விறகு அடுப்பு சூடு இறங்கிட்டு இருக்கும், அதுல வெச்சு எடுத்துத் தருவாங்க, கூலி தனி. கேக்கோட ஒரு நீளமான தகரத் தட்டும் போகும். அதுதான் மீட் லோஃப். கைமாவை ரொட்டி, முட்டை, வெங்காயம், மிளகு எல்லாம் போட்டுப் பிசைஞ்சு, செங்கல் மாதிரி தட்டி, நடுவுல அவிச்ச முட்டை வெச்சிருப்பாங்க. தட்டு சுமந்த கூலி எனக்கு ஓரத் துண்டு. நடுத்துண்டுல முட்டை இருக்கும், ஆனா எனக்கு ஓரம்தான் பிடிக்கும். மேல கறுத்து, கடிச்சா முதல்ல லேசா விறகு வாசனை, அப்புறம்தான் கறி.

அதே லோஃபை ரிட்டயர் ஆனதுக்கு அப்புறம் கரண்ட் அவன்ல நாலு தரம் பண்ணிப் பாத்தேன். நல்லாத்தான் இருந்துச்சு. அந்த முதல் வாசனை மட்டும் வரல. அமெரிக்காவுல இந்த மீட் லோஃபை வாரநாள் ராத்திரிச் சாப்பாடா செய்வாங்க, நமக்கு சாம்பார் சாதம் மாதிரி. அதையே ஸ்மோக்கர்ல வெச்சு எடுக்கற பழக்கமும் அங்க உண்டு. அந்த வீடியோ ஒண்ணைப் பாத்துட்டு ராத்திரி பதினொரு மணிக்கு ஆர்டர் போட்டேன்.

பெட்டி வந்துச்சு. லிஸ்ட்ல போல்ட் 12, பையில 11. அதை விடுங்க, என் டப்பாவுல போல்ட்டுக்குப் பஞ்சமில்ல. நான் 1985-ல ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில சேர்ந்து, ஷெல் டிவிஷன்ல 34 வருஷம் வெல்டரா இருந்தவன். ஷெல்னா ரயில் பெட்டியோட கூடு. தகரத்தைக் கையில எடுத்தாலே கனம் தெரியும். இது ஒரு மில்லிமீட்டர் கூட வராது, கட்டை விரலால அழுத்தினா உடம்பு குழியுது. கைப்பிடிக்கு வெல்டிங் கிடையாது, வெறும் ரிவெட். கரி போடற சின்னக் கதவு ஒரு பக்கம் தூக்கிக்கிட்டு நிக்குது. எல்லாத்தையும் விட மோசம், கீழ்த் தட்டும் நடு உடம்பும் சேர்ற இடம். ரெண்டுமே வட்டம்னு பேரு, ஆனா ரெண்டும் ஒரே வட்டம் இல்ல. ஒரு பக்கம் இறுக்கமா உக்காருது, இன்னொரு பக்கம் ஹேக்ஸா பிளேடு ரெண்டு சேர்த்துச் செருகலாம். இந்த மாதிரி ஜாயின்ட்டை எங்க இன்ஸ்பெக்டர் பாத்திருந்தா சாக்பீஸால ஒரு பெரிய வட்டம் போட்டுட்டுப் பேசாமப் போயிருப்பார்.

ஸ்மோக்கர்ல காத்துதான் எல்லாமே. கீழ ஒரு துவாரம், மேல ஒரு துவாரம். கீழ திறந்தா தணல் ஏறும், மூடினா அடங்கும். கேஸ் அடுப்புக்குத் திருகாணி மாதிரி இதுக்கு அந்தத் துவாரம். அப்படி இருக்க, உடம்பு முழுக்க ஓட்டை இருந்தா திருகாணியைத் திருப்பி என்ன பிரயோஜனம்?

மூடி மேல ஒரு தெர்மாமீட்டர் இருக்கு. அதைப் பாத்துட்டு வாய்விட்டுச் சிரிச்சேன். நம்பரே கிடையாது. வார்ம், ஐடியல், ஹாட்னு மூணு கலர். எவ்வளவு சூடுன்னு கேட்டா 'ஐடியல்'னு பதில் சொல்ற மீட்டரை என் சர்வீஸ்ல பாத்ததில்ல. கழட்டி எடுத்துக் கொதிக்கற தண்ணியில விட்டேன். நம்ம ஊரு கடல் மட்டம், தண்ணி 100 டிகிரியில கொதிக்கும், அதுல சந்தேகமே வேணாம். முள்ளு பாதி வார்ம்ல நின்னுச்சு. திரும்ப மாட்டி, தனியா 700 ரூபாய்க்கு ஒரு டிஜிட்டல் மீட்டர் வாங்கி, அதோட கம்பியைக் கறி வெக்கற வலைக்குப் பக்கத்துல தொங்கவிட்டேன். அது 120 காட்டறப்ப மூடி முள்ளு எங்க நிக்குதோ, அந்த இடத்துல வெள்ளைப் பெயின்ட்ல ஒரு கோடு. இப்ப ஐடியல் எதுன்னு நான் அதுக்குச் சொல்லிக் குடுத்திருக்கேன்.

முதல் ஞாயிறு நடந்த கூத்தையும் மறைக்காம சொல்றேன். கூட வந்த புத்தகத்துல மரத் துண்டை அரை மணி நேரம் ஊற வைன்னு போட்டிருந்தான். ஊற வெச்சேன். அரை மணி நேரத்துல கட்டைக்குள்ள தண்ணி ஏறவே ஏறாது, மேல் தோல்தான் நனையும். அது நெருப்புல விழுந்ததும் புகை வரல, முதல்ல ஆவி வந்துச்சு, அப்புறம் வெள்ளை வெள்ளையா கண்ணைக் கரிக்கற மூட்டம். அதுக்குள்ள மணி ஒண்ணு ஆச்சு, கடல் காத்து உள்ள வர்ற நேரம். பெரம்பூர் வரைக்கும் வர்றதுக்குள்ள அது கொஞ்சம் ஓஞ்சுடும், ஆனா மொட்டை மாடியில போதுமான அளவுக்கு அடிக்கும். அந்த ஹேக்ஸா பிளேடு இடுக்கு வழியா நேரா தணல் மேல ஊதிச்சு. மீட்டர் 115-ல இருந்து 165-க்கு ஏறுது, நான் கீழ்த் துவாரத்தை முழுசா மூடியும் இறங்கல. லோஃப் மேல நாலு விரிசல். உள்ள மரத்தூள் மாதிரி உதிருது. வாயில வெச்சா நாக்கோட ஓரம் மரத்துப் போற கசப்பு. சம்சாரம் ஒரு வாய் சாப்பிட்டுட்டு, "ஏங்க, ஊதுவத்தியைக் கடிச்ச மாதிரி இருக்குங்க"ன்னா. மீதியைத் தெரு நாய்ங்களுக்கு வெச்சேன். கறுப்பன் மட்டும் மோந்து பாத்துட்டுப் போயிட்டான்.

அதுக்கப்புறம்தான் ரிப்பேர். ஜாயின்ட்டுக்கு நடுவுல சூடு தாங்கற கயிறு ஒட்டணும், பேக்கரி அவன் கதவுக்குப் போடுவாங்களே, அது. பாரிமுனைல செம்புதாஸ் தெருவுக்குப் போனேன். இங்க ஒரு விஷயம் கவனமா இருங்க. கயிறுன்னு கேட்டா சில கடையில ஆஸ்பெஸ்டாஸ் கயிறை எடுத்து நீட்டுவாங்க, விலையும் கம்மி. வேணவே வேணாம். அதோட நார் நுரையீரலுக்குள்ள போனா திரும்ப வராது, சோத்துப் பாத்திரத்துல அதுக்கு என்ன வேலை? கிளாஸ் ஃபைபர் கயிறுன்னு கேட்டு வாங்குங்க. ஆறு மில்லி கயிறு, சூடு தாங்கற சிலிக்கான் பேஸ்ட் ஒரு ட்யூப், ரெண்டும் சேர்த்து 540 ரூபாய் ஆச்சு. கதவோட கீலை வைஸ்ல வெச்சு நிமித்தினேன். மேல் வலை மூணாவது சமையல்லயே முலாம் உரிய ஆரம்பிச்சுது, அந்தச் செதில் கறியில ஒட்டும். அதைத் தூக்கிப் போட்டுட்டு எஸ்.எஸ். (எவர்சில்வர்) கம்பியில நானே ஒண்ணு வெல்டு அடிச்சேன். எஸ்.எஸ்.னு சொல்லிக் குடுக்கறதை அப்படியே நம்பாதீங்க, ஒரு காந்தத்தை வெச்சுப் பாருங்க. 304-னு சொல்ற நல்ல ரகமா இருந்தா ஒட்டாது, இல்ல லேசாத்தான் இழுக்கும். நச்சுன்னு போய் ஒட்டினா கடைக்காரர்கிட்டயே திருப்பிக் குடுங்க.

கம்பெனிக்கும் போன் போட்டேன். அந்தப் பக்கம் பேசின பொண்ணு பாவம், மரியாதையாத்தான் பேசுச்சு. போட்டோ அனுப்புங்க சார், வீடியோ அனுப்புங்க சார், டிக்கெட் போட்டிருக்கேன் சார். மூணு வாரம் கழிச்சு ஒரு சின்னக் கவர் வந்துச்சு. உள்ள அந்தப் பன்னெண்டாவது போல்ட்.

இப்ப கரி, விறகு. இந்த விஷயத்துல நாம குடுத்து வெச்சவங்க. டெக்சாஸ் பக்கம் மெஸ்கீட்னு ஒரு மரத்துல கறி சுடறாங்க, ஆன்லைன்ல அந்தத் துண்டு சின்னப் பை நூத்துக்கணக்குல விக்குது. அந்த மெஸ்கீட்டோட அண்ணன் தம்பிதான் நம்ம சீமைக்கருவேலம். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் மூட்டம் போட்டு வர்ற கரி முக்கால்வாசி அதுதான். எங்க தெரு இஸ்திரி வண்டிக்காரர் வாங்கற கடையிலயே நானும் வாங்கறேன், கிலோ 60. ஒரு சமையலுக்கு ரெண்டரை கிலோ ஆகுது. ஒரு தொல்லை, பத்தற நேரத்துல படபடன்னு பொரியும். அது அடங்கற வரைக்கும் மூஞ்சியைத் தள்ளி வெச்சுக்கோங்க. தேங்காய்ச் சிரட்டைக் கரியும் போட்டுப் பாத்தேன், குபீர்னு சூடு ஏறி சீக்கிரமே சாம்பலாயிடுது. மூணு மணி நேர வேலைக்கு அது ஆகாது.

எல்லாக் கரியையும் மொத்தமா பத்த வெக்கக் கூடாது. பத்தாத கரியைத் தட்டுல குமிச்சு, நடுவுல ஒரு குழி பண்ணி, அதுல பத்து பன்னெண்டு தணல் மட்டும் போடணும். அது ஒண்ணுல இருந்து ஒண்ணுக்குப் பரவிக்கிட்டே நிதானமா போகும். அந்தக் காலத்து கரி எஞ்சின் ஃபயர்மேனுக்கு இதெல்லாம் சொல்லியா தரணும்?

வாசனைக்குத் தனியா மரத் துண்டு வேணும். பக்கத்து வீட்டுல கொய்யா மரம் வெட்டினாங்க, அதுல ஒரு கோணி நிறைய வாங்கி வெச்சு நாலு மாசம் காய விட்டேன். வேப்பங்கட்டை வேணாம், கசக்கும். பலகைக் கடையில கிடக்கற பிளைவுட் துண்டு, பெயின்ட் அடிச்ச கட்டை பக்கமே போகாதீங்க. காஞ்ச துண்டு, உள்ளங்கை அளவு, ரெண்டு போதும். வர்ற புகை கண்ணுக்குத் தெரிஞ்சும் தெரியாமலும் லேசா நீலமா இருக்கணும். வெள்ளையா குபுகுபுன்னு வந்தா கறியை வெளிய வெச்சுக் காத்திருங்க.

கறிக்குப் புளியந்தோப்புல பாய் கடை. ஆட்டுத்தொட்டி, அதான் கறிக்கு அறுக்கற இடம், அந்தப் பக்கம் போனா கறியைப் பத்தி யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லன்னு நெனச்சிருந்தேன். "ஒரு கிலோ பீஃப் கைமா, கொழுப்போட"ன்னு கேட்டா பாய் கத்தியைக் கீழ வெச்சுட்டார்.

"கொழுப்பு எடுத்துப் போடுங்கன்னுதாண்ணே எல்லாரும் கேப்பாங்க. நீங்க என்ன உள்ள போடச் சொல்றீங்க?"

"அஞ்சுல ஒரு பங்கு கொழுப்பு இருக்கணும் பாய். இல்லன்னா வறண்டு போகுது."

"யாருக்கு, டாக்டர் சொன்னாரா?"

சொன்னேன். மூணு மணி நேரம் புகையில வெக்கறேன்னதும் ஒரு நிமிஷம் யோசிச்சுட்டு, அவரே ஒரு யோசனை குடுத்தார். தொடைக்கறி மட்டும் வேணாம், அது வெறும் சதை, மார்க்கண்டத்துல பாதி சேர்த்துக்கோங்க, கூட 300 கிராம் மட்டன் கைமா கொழுப்போட போடுங்க, வாசனையும் வரும்னார். மெஷின்ல ஒரே ஒரு ஓட்டம், ரெண்டு தரம் விட்டா பசையாயிடும். அன்னைக்குத்தான் லோஃப் லோஃபா வந்துச்சு. மட்டன் மட்டும் போட்டும் பண்ணலாம், ஆனா ஒண்ணரை கிலோ மட்டன் விலைக்கு நாலு பேரைக் கூட்டிட்டுப் போய் ஹோட்டல்லயே உக்காந்து சாப்பிடலாம்.

கலவை பெருசா ஒண்ணுமில்ல. பழைய ரொட்டி நாலு ஸ்லைஸ், அரை டம்ளர் பால்ல ஊற வெச்சு மசிக்கணும். இதை விட்டுடாதீங்க. வேகறப்ப கறி சுருங்கி உள்ள இருக்கற தண்ணியைப் பிழிஞ்சு தள்ளும், அதைப் பிடிச்சு வெக்கறது இந்த ரொட்டிதான். ரெண்டு முட்டை, ரெண்டு வெங்காயம் பொடியா நறுக்கி வதக்கி ஆற வெச்சது, இடிச்ச மிளகு ரெண்டு ஸ்பூன், பச்சை மிளகாய் மூணு, புதினா ஒரு கைப்பிடி, உப்பு ஒரு மேசைக் கரண்டி, ஆன்ட்டி போடற மாதிரி ஊஸ்டர் சாஸ் ரெண்டு ஸ்பூன். விரலால கலந்துவிட்டா போதும். சப்பாத்தி மாவு மாதிரி அழுத்திப் பிசைஞ்சா ரப்பர் பந்து ஆயிடும்.

அப்புறம் தட்டு. கேக் டின்னுக்குள்ளயே விட்டா புகை மேல் பக்கம் மட்டும்தான் படும், நாலு பக்கமும் கறி தன் கொழுப்புலயே அவியும். டின்ல அமுக்கி அச்சு எடுத்துட்டு, ஓட்டை உள்ள தட்டு மேல கவுக்கணும். அமெரிக்காக்காரன் அதுக்குன்னு வலைத் தட்டு விக்கறான். நான் அடுக்களையைச் சுத்திப் பாத்தேன், சோறு வடிக்கற சிப்பல் தட்டு இருந்துச்சு. அளவெடுத்து செஞ்ச மாதிரி. அடியிலயும் புகை போகுது, கொழுப்பும் ஓட்டை வழியா தண்ணிச் சட்டியில சொட்டுது. "அன்னம் வடிக்கற தட்டைக் கரியாக்கிட்டீங்களே"ன்னு சம்சாரம் ரெண்டு நாள் பேசல. புதுசு ஒண்ணு வாங்கிக் குடுத்தாச்சு, அந்தச் செலவையும் 11,500 கூட சேர்த்துக்கோங்க.

அந்தத் தண்ணிச் சட்டி எதுக்குன்னு நிறைய பேருக்குத் தெரியல, ஈரப்பதத்துக்குன்னு சொல்லிட்டுப் போயிடறாங்க. அது ஒரு பக்கம். தண்ணி எவ்வளவு நெருப்பு பட்டாலும் 100-க்கு மேல போகாது, மிச்ச சூட்டை ஆவியாக்கி வெளிய அனுப்பும். தணலுக்கும் கறிக்கும் நடுவுல இருக்கற பஞ்சாயத்துத் தலைவர் மாதிரி அது. மூணு லிட்டர் சுடுதண்ணி ஊத்தி வெக்கணும். பச்சைத் தண்ணி ஊத்தினா அது சூடாகவே அரை மணி நேரம் போயிடும்.

ரிப்பேருக்கு அப்புறம் வந்த ஞாயிறு, காலையில ஏழு மணிக்கே பத்த வெச்சுட்டேன், கடல் காத்துக்கு முன்னாடி முடிக்கணும்னு. மாடியில தட்டோடு பதிச்சிருக்கு, நேரா மேல வெச்சா சூட்டுல விரிசல் விடும், அதனால நாலு ஹாலோ பிளாக் அடுக்கி அதும் மேல. எட்டுக்கு 118. மூடியைத் திறந்து தட்டை வெச்சேன். இதுக்கப்புறம் உங்க வேலை சும்மா உக்காந்திருக்கறதுதான், அதுதான் கஷ்டமும். மூடியைத் திறந்து பாக்கணும்னு கை அரிக்கும். ஒவ்வொரு தரம் திறந்தாலும் பத்து நிமிஷ சூடு போச்சு. ஐ.சி.எஃப். சங்கு ஊதாத நாள், ஞாயிறு. பக்கத்து மாடியில ஒரு அம்மா வத்தல் காயப் போட்டுக்கிட்டு இருந்தாங்க. ஒன்பது மணிக்கு மேல அந்தப் புகையோட வாசனை மாறுச்சு. அதுவரைக்கும் விறகு. அப்புறம் விறகும் மிளகும். கொழுப்பு தண்ணிச் சட்டியில விழற சத்தம், டொக், டொக்னு, காதை வெச்சாத்தான் கேக்கும்.

பத்தேகாலுக்கு கறி நடுவுல 60. அப்ப மூடியைத் திறந்து மேல் பூச்சு தடவினேன். தக்காளி சாஸ், வெல்லம், வினிகர், மிளகாய்த் தூள். முதல்லயே தடவினா இனிப்பு கறுத்துக் கசந்துடும். பத்து ஐம்பதுக்கு 71. அதுதான் கணக்கு. முழுக் கறித் துண்டா இருந்தா கிருமி மேல மட்டும்தான் இருக்கும், கைமாவுல அரைக்கறப்ப எல்லாம் உள்ள போயிடும். அதனால நடுவுல 71 காட்டாம எடுக்கக் கூடாது. இன்னொரு கால் மணி நேரம் மூடி வெச்சு ஆற விட்டுட்டுத்தான் வெட்டினேன்.

வெட்டினதும் சம்சாரம் எட்டிப் பாத்தா. "வேகலையேங்க, ஓரமெல்லாம் சிவப்பா இருக்கு."

நடுவுல பழுப்பு, வெளி ஓரத்துல சுத்தி அரை அங்குலத்துக்கு ரோஸ் கலர். கறி வேகலன்னா நடுவுலதான் சிவப்பா இருக்கணும், இது தலைகீழ். கரியும் விறகும் எரியறப்ப நைட்ரிக் ஆக்சைடுன்னு ஒரு வாயு வரும், அது கறியோட சிவப்புல போய்ப் பிடிச்சுக்கும், அப்புறம் எவ்வளவு வெந்தாலும் அந்தக் கலர் போகாது. ஆன்ட்டி வீட்டு சால்ட் பீஃப் ரோஸா இருந்ததும் இதே கதைதான், அதுல அவங்க வெடியுப்பு போடுவாங்க. இதெல்லாம் சொன்னேன். சம்சாரம் கேட்டுட்டு, தன் துண்டைத் தோசைக்கல்லுல போட்டு ரெண்டு பக்கமும் திருப்பி எடுத்துட்டுத்தான் சாப்பிட்டா. பேரன் அந்த ரோஸ் ஓரத்தை மட்டும் பிச்சுப் பிச்சுத் தின்னுட்டு, "தாத்தா, இன்னொரு ஓரம்"னு வந்து நின்னான். லோஃபுக்கு ஓரம் ரெண்டுதாண்டா.

ஆன்ட்டி மாதிரி நடுவுல அவிச்ச முட்டை வெச்சும் ஒரு தரம் பாத்தேன். மூணு மணி நேரத்துல முட்டை ரப்பராகி, மஞ்சக்கரு சுத்தி பச்சை வளையம். பேக்கரி அடுப்புல சூடு அதிகம், சீக்கிரம் ஆயிடும், அங்க அது தாங்கும். இங்க வேணாம்.

சரி, அந்த வாசனை வந்துச்சா? முதல் மூணு தரம் வரல. நல்லா இருந்துச்சு, ஆனா வேற ஏதோ. புகை முன்னாடி நிக்குது, கறி பின்னாடி நிக்குது. அப்புறம்தான் மண்டையில உறைச்சுது. பேக்கரி அடுப்புல நாங்க தட்டை வெக்கறப்ப விறகு எரிஞ்சு முடிஞ்சிருக்கும். செங்கல்லுல ஊறின வாசனைதான் லோஃபுக்கு வந்தது. அதனால இப்ப கொய்யாவை நிறுத்திட்டு, விறகுத் தொட்டியில இருந்து காஞ்ச சவுக்கு ஒரே ஒரு துண்டு வாங்கிப் போடறேன். அதுவும் முதல் முக்கால் மணி நேரம்தான், அப்புறம் வெறும் கரி. பேக்கரியில எரிஞ்சதும் சவுக்குதான், வாசல்ல அடுக்கி வெச்சிருப்பாங்க, அதும் மேல உக்காந்துதான் எங்க தட்டுக்குக் காத்திருப்போம். இப்படிப் பண்ணினா நூத்துக்கு எண்பது வருது. மிச்ச இருபது அந்தப் பேக்கரி செங்கல்லுலயே போயிடுச்சு.

ஸ்மோக்கர்ல நிறைய புகை விடறதுதான் வித்தைன்னு நெனச்சு வாங்கறவங்க இதைக் கொஞ்சம் யோசிங்க. கைமா ரொம்ப சீக்கிரம் புகையைக் குடிச்சுடும். முழுத் தொடை, விலாவெல்லாம் வேற கணக்கு.

மத்த விஷயத்தை வேகமா சொல்லிடறேன். கழுவறது பெரிய தலைவலி. தண்ணிச் சட்டியில கொழுப்பு உறைஞ்சு நிக்கும், அதை சிங்க்ல ஊத்தினா குழாய் அடைக்கும், ராத்திரி விட்டு ஆடையை வழிச்சு பேப்பர்ல மடிச்சுத்தான் போடணும். அடுக்குமாடியில இருந்தா துணி காயற நாளைக் கேட்டுட்டுப் பத்த வைங்க. கொடுங்கையூர்ப் பக்கம் குப்பை எரியறப்ப வர்ற புகைக்கு ஒண்ணும் சொல்லாத எங்க கீழ் வீட்டுக்காரர், என் கொய்யாப் புகைக்கு மேல ஏறி வந்துட்டார். ஒரு துண்டு பன்னுல வெச்சுக் குடுத்தேன். இப்ப அவரே ஞாயித்துக்கிழமை, "இன்னைக்கு உண்டா அண்ணாச்சி?"ன்னு கேக்கறார். மழை வந்துடுச்சுன்னு இதைப் படிக்கட்டு ரூமுக்குள்ளயோ மூடின பால்கனியிலயோ இழுத்து வெச்சுப் பத்த வெக்காதீங்க. கரித் தணல்ல வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, ஆளைச் சாய்ச்சப்புறம்தான் தெரியும்.

பெயின்ட் ஆறாவது மாசமே உப்பி உரியுது. கடலோரக் காத்துக்கு இந்தத் தகரம் தாங்காது. நாங்க ரயில் பெட்டிக்கு லேசுல துருப் பிடிக்காத கார்டென் ஸ்டீல் போடுவோம், அதுவே துரு பிடிக்கும்னு ஒவ்வொரு ஜாயின்ட்டா பாத்துப் பாத்து பண்ணுவோம். இவன் வெறும் தகரத்துல கறுப்பு அடிச்சு அனுப்பிட்டான். ஒவ்வொரு சமையலுக்கு அப்புறமும் கை சூட்டுல இருக்கறப்பவே வெளிப்பக்கம் எண்ணெய்த் துணியால துடைக்கறேன், ரெண்டு வருஷம் ஓடும்னு கணக்கு. அதுக்குள்ள ரெண்டு மில்லி தகடுல நானே ஒண்ணு அடிச்சுடலாம்னு இருக்கேன். துத்தநாக முலாம் போட்ட தகடை நெருப்புப் பக்கம் போட மாட்டேன், அதை வெல்டு அடிச்சு வந்த புகையில ஜுரத்துல படுத்தவன் நான்.

விலைக்குத் தகுந்த சாமானான்னா, இல்ல. ஏழாயிரத்துக்குக் குடுத்தா சரி. அஞ்சு நட்சத்திரத்துல ரெண்டு குடுக்கறேன், ஒண்ணு அந்த வலை ரெண்டு அடுக்கா இருக்கறதுக்கு, இன்னொண்ணு கீழ் துவாரம் மட்டும் சிக்காம, ஆடாம, சொன்னபடி திரும்பறதுக்கு. கறிக்கு நட்சத்திரம் கேட்டா அது பாய்க்குப் போகணும்.

நேத்து மிச்சம் இருந்த லோஃபை ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்து மெல்லிசா வெட்டி, சம்சாரம் ரசஞ்சோத்துக்குத் தொட்டுக்கிட்டு இருந்தா. தோசைக்கல் பக்கம் போகல, நான் ஒண்ணும் கேக்கல. ஜன்னல் பக்கம் இருட்டிக்கிட்டு வந்துச்சு. வாயில கறியோடவே, "மேல போய் அந்த டப்பாவை மூடிட்டு வாங்க, தண்ணி இறங்கப் போகுது"ன்னா.